உங்களுக்குத் தெரியுமா? பதற்றம் வந்தால் காதும் மாற்றிக் கேட்கும்!

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிகிற நேரம். சூப்பர்வைசர் பேசாமல் கடந்து போகிறார். அவருக்கும் தூக்கக் கலக்கம்தான். பதற்றத்தில் இருக்கும் மனமோ ‘வேலை போச்சு’ என்று முடிவே கட்டிவிடும்.

இந்த மனப்போக்கைச் சோதிக்க 1989-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், ‘டை’ போல ஒரே ஒலியில் இரு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லி எழுதவைத்தார்கள். ‘சாயம்’ என்ற பொருளை விட்டுச் ‘சாவு’ என்ற பொருளில் எழுதியது, மற்றவர்களைவிடப் பதற்ற நோயாளிகளே அதிகம். எல்லோர் காதிலும் விழுந்ததோ ஒரே ஒலி! தூக்கம் கெட்டால், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா இன்னும் மிரளும்.

இப்படிப் பதறுவது கோழைத்தனம் அல்ல, சிகிச்சை உண்டு. பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான். போக முடியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.