டொயோட்டா டிவிடெண்ட் 135 யென்னா, 27 யென்னா?

இந்த வாரம் கொடைக்கானலில் இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. கேட்டவர் தோக்கியோவில் ஐடி வேலை பார்க்கும் ஒரு நேயர். ஜப்பானில் குடியிருப்பவர்களுக்கு நீசா என்று ஒரு வரிவிலக்கு முதலீட்டுக் கணக்கு இருக்கு. 2024-இல் அதன் வரம்பைப் பெருசா உயர்த்தினாங்க. இவரும் அதில் பங்கு வாங்கப் போறார். "டிவிடெண்ட் டேட்டா எடுக்க ஒரு பைத்தான் டூல் எழுதுறேன். ரெண்டு இடத்துல எடுத்தா ரெண்டு நம்பர் வருது. எதை நம்பறது?"

ரெண்டுமே சரியா இருக்கலாம். ரெண்டையும் கலக்கும்போதுதான் பிரச்சினை.

டேட்டா எடுக்கிறது சுலபம். வைஃபைனான்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, யாஹூ ஃபைனான்ஸில் இருந்து டேட்டாவை இழுத்துத் தரும். யாஹூவோட அதிகாரப்பூர்வ டூல் இல்ல. ஜப்பான் பங்குகளுக்குப் பெரும்பாலும் நாலு இலக்க எண்தான் அடையாளம். டொயோட்டா 7203. பின்னாடி ஒரு புள்ளி வெச்சு 'டி' போட்டா தோக்கியோ சந்தை. மூணு வரி கோடுல வருஷக்கணக்கான டிவிடெண்ட் பட்டியல் வந்து நிக்கும்.

இப்போ டொயோட்டாவையே எடுத்துக்குவோம். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கு அந்தக் கம்பெனி முதலில் 105, பிறகு 135, ஆக மொத்தம் 240 யென் கொடுத்தது. அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அதனால யாஹூ மாதிரி தளங்கள் பழைய எண்களை ஐந்தால் வகுத்து, 135-ஐ 27 என்று காட்டும். கம்பெனி அறிக்கையிலோ 135 தான் இருக்கும். பொய் எதுவும் இல்ல, அலகுதான் வேற.

ஆபத்து எங்கேன்னா, 2021 மார்ச் கடைசியில் பங்கு விலை சுமார் 8,600 யென். 240-ஐ அதால் வகுத்தா வருவாய் 2.8 சதவீதம். ஆனா கம்பெனி அறிக்கையில் இருந்து 240-ஐயும், பிரிப்புக்கு ஏத்த மாதிரி சரிசெய்த விலையை, அதாவது 1,720-ஐயும் எடுத்தா? கிட்டத்தட்ட 14 சதவீதம்! டூல் எந்த எர்ரரும் காட்டாது. "அதிக டிவிடெண்ட் தரும் பங்குகள்"னு வரிசைப்படுத்தினா இதுதான் முதலில் வந்து உட்காரும். அதைப் பார்த்துச் சேமிப்பைப் போட்டா, போனது நிஜக் காசு.

அடுத்தது தேதி. நம்ம ஊர்ல தொகையை முதலில் அறிவிப்பாங்க, அப்புறம்தான் ரெக்கார்டு டேட் வரும். 2023 ஜனவரி 27-லிருந்து எல்லாப் பங்குக்கும் ஒரே நாளில் செட்டில்மென்ட் என்பதால், எக்ஸ் டேட்டும் ரெக்கார்டு டேட்டும் பொதுவா ஒரே நாள்தான். ஜப்பானில் செட்டில்மென்ட்டுக்கு ரெண்டு நாள். அதனால எக்ஸ் டேட் ஒரு வேலைநாள் முன்னாடியே வந்துடும்.

பெரிய வித்தியாசம் இனிமேதான். அங்கே பெரும்பாலான கம்பெனிகளுக்கு மார்ச் 31 தான் ரெக்கார்டு டேட். ஆனா ரிசல்ட் மே மாதம் வரும். பல கம்பெனிகள் ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டத்தில்தான் டிவிடெண்டுக்கு ஒப்புதல் வாங்குது. அதாவது எக்ஸ் டேட் அன்னைக்குக் கையில் இருப்பது வெறும் கணிப்பு. அது கூடலாம், குறையலாம். சில கம்பெனிகள் "இன்னும் முடிவாகவில்லை"னு மட்டும் சொல்லும். அதை உங்க டூல் பூஜ்யம்னு நிரப்பினா, டிவிடெண்டே தராத கம்பெனின்னு ஆயிடும். 'தெரியாது' வேற, 'பூஜ்யம்' வேற.

ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் குழுமமே தரும் ஜே-குவான்ட்ஸ் ஏபிஐயில், எண் கணிப்பா உறுதியான்னு சொல்ல தனி ஃபீல்டே இருக்கு. டிவிடெண்ட் டேட்டாவுக்குக் காசு கட்டணும், ஆனா இந்த ஒரு ஃபீல்டுக்காகவே யோசிக்கலாம்.

இதுக்கு நல்ல உதாரணம் இந்த ஊர்லயே இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து சூரியனைப் படம் எடுக்கிறாங்க. அந்தப் பழைய ஃபோட்டோ தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கியிருக்கு. ஸ்கேன் செய்த மூலப்படம் ஒரு பக்கம், கணக்கு போட்டுச் சரிசெய்த படம் இன்னொரு பக்கம். நாளைக்கு இன்னும் நல்ல கணக்குமுறை வந்தா, மூலத்தில் இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். மூலத்தின் மேலேயே திருத்தியிருந்தா அந்த வழி அடைஞ்சிருக்கும்.

உங்க டூலுக்கும் அதேதான். ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் கம்பெனி சொன்ன மூலத்தொகை, எக்ஸ் டேட், ரெக்கார்டு டேட், பணம் வரும் தேதி, கணிப்பா உறுதியா, எந்த நாளில் எங்கிருந்து எடுத்தது, எல்லாத்துக்கும் தனித்தனி காலம் வையுங்க. பங்குப் பிரிப்புகளுக்குத் தனி டேபிள். சரிசெய்த தொகையைச் சேமிக்க வேண்டாம். கேட்கும்போது கணக்கிட்டா போதும். ஒரு பங்கின் வருவாய் திடீர்னு 10 சதவீதத்தைத் தாண்டினா, டூல் எச்சரிக்கணும். நீங்க போய் கம்பெனி அறிக்கையைத் திறந்து பார்க்கணும்.

ஆக, நேயருக்கு என் பதில்: 135-ஐ சேமியுங்க, 27-ஐ கணக்கிடுங்க. வாங்குற பட்டனை அதுக்கு அப்புறம் அழுத்தலாம்.