மூன்று பேர் வரைந்த படம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள். பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி கருகும் நாற்றம் வந்து, மிஞ்சிய கரி விரலிடையே பொடிந்தால் அசல் பட்டு. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை 2004-இல் வந்த பிறகும் இந்தச் சோதனை மறையவில்லை. மூக்கை நம்பிச் செய்வதுதான் என்றாலும் அதன் அடியில் இருப்பது சுத்தமான உயிர்வேதியியல். முடியும் புரதம், பட்டும் புரதம். அதனால்தான் ஒரே நாற்றம்.

இரண்டும் ஒரே வகைப் பொருள் என்றால் குணம் ஏன் இவ்வளவு மாறுகிறது? ஆட்டு ரோமத்தில் நூற்ற கம்பளி, இழுத்தால் நீண்டு கொடுக்கும். பட்டு அவ்வளவு கொடுக்காது. மாட்டுத் தோலும் புரதம்தான். மிருதங்கத்தில் வாராக இழுத்துக் கட்டினால் வருஷக்கணக்கில் தாங்கும். மூன்றிலும் இருப்பவை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகளே. அந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பவே முடியாது என்று கணக்கிட்டு முதன்முதலில் படமாக வரைந்தவர்கள் மூன்று பேர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள். ஆண்டு 1963. உலகம் முழுக்க அந்தப் படத்துக்கு ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர்.

கர்நாடகத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வரும் கச்சாப் பட்டு சாயப்பட்டறையில் முதலில் வெந்தாக வேண்டும். சவுக்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகும்போது அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்து போகிறது. கரைவது செரிசின் என்ற பசைப் புரதம். புழு தன் கூட்டைக் கட்டும்போது இரண்டு இழைகளை ஒட்டவைக்க உமிழ்வது அது. மிஞ்சி நிற்பது ஃபைப்ராயின். நாம் கட்டுவதும், கையால் தடவி மகிழ்வதும் இதைத்தான். அதன் பெரிய சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிளைசின், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அலனைன், பிறகு செரின். மூன்றுமே சிறிய உருவம் கொண்டவை. அதனால் சங்கிலிகள் ஏறக்குறைய முழு நீளத்துக்கு நீண்டு, அடுக்கடுக்காக நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே நீண்டு கிடப்பதை மேலும் இழுத்து நீட்ட முடியாது. கம்பளியின் சங்கிலியோ சுருளாக இருக்கிறது. இழுத்தால் சுருள் பிரிகிறது. பட்டின் இந்த அடுக்கமைப்பை 1955-இல் அமெரிக்காவில் மார்ஷ், கோரே, பாலிங் மூவரும் வெளியிட்டார்கள்.

அதே காலத்தில் கொலாஜன் என்ற தோலின் புரதத்தோடு சென்னையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் ஜி.என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனவரை சி.வி. ராமன் தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1952-இல், துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் காலத்தில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கோபிநாத் கர்த்தாவும் அவரும் கங்காரு வால் தசைநாரில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, மூன்று சங்கிலிகள் சேர்ந்தது கொலாஜன் என்ற மாதிரியை 1954-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதாக அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். பட்டில் அடுக்குக்கு இடம் கொடுக்கும் அதே கிளைசின், தோலில் முறுக்குக்கு இடம் கொடுக்கிறது.

உடனே எதிர்ப்பு வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் தங்கள் திருத்திய மாதிரியை வெளியிட்டு, சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் புகழோடு இருந்த கிரிக்குடன் வாதாடுவது லேசான காரியமல்ல. அந்தக் குறையைக் கேள்வியாக மாற்றிக்கொண்டதுதான் ராமச்சந்திரனின் பெருமை என்று நினைக்கிறேன். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? வி. சசிசேகரன் அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் தேடி அந்தத் தூரங்களைத் தொகுத்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. இரண்டு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதில் மோதுகிறது என்று சி. ராமகிருஷ்ணன் மேசைக் கணிப்பானில் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலம். அந்த உழைப்பை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது.

கணக்கின் முடிவு ஒரு சதுரத்துக்குள் அடங்கியது. ஒரு பக்கம் ஒரு கோணம், மறுபக்கம் இன்னொன்று. மோதல் இல்லாத இடங்களை மட்டும் கோடு போட்டுக் காட்டினார்கள். அலனைன் போன்றவற்றுக்குச் சதுரத்தில் நாலில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கிளைசினுக்கு மட்டும் பாதிக்கு மேல். பட்டின் அடுக்கு ஒரு தீவில், கம்பளியின் சுருள் வேறொரு தீவில், கொலாஜனின் முறுக்கு பட்டுக்குப் பக்கத்தில். அப்போது அணு அளவில் அமைப்பு தெரிந்த புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரப்போகிற லட்சக்கணக்கான அமைப்புகளுக்கு முன்கூட்டியே எல்லை வகுத்த படம் அது.

இந்தப் படத்தின் செல்வாக்கை எப்படி அளப்பது? இன்று விஞ்ஞானிகளை அளக்க நம்மிடம் இருக்கும் கோல் மேற்கோள் எண்ணிக்கை. ஒருவரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற கணக்கு. யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணைதான் இதற்கு வழிவகுத்தது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டைக் கொண்டுவந்தார்: ஒருவரின் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளரின் தலைக்கு மேல் இந்த எண் தொங்குகிறது. நம் நாட்டின் கல்வி நிறுவனத் தரவரிசையிலும் மேற்கோளுக்கு மதிப்பெண் உண்டு.

2014-இல் நேச்சர் இதழ், வரலாற்றிலேயே அதிகம் சுட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதல் மூன்று இடமும் புரதத்துக்கே. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க 1951-இல் ஆலிவர் லௌரி சொன்ன முறைக்கு 3 லட்சத்துக்கு மேல். ஜெல்லில் புரதங்களைப் பிரிக்க 1970-இல் லெம்லி சொன்ன முறைக்கு 2 லட்சத்துக்கு மேல். 1976-இல் பிராட்ஃபோர்டு சொன்ன அளவீட்டு முறைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். தம் கட்டுரை ஒன்றும் பெரிய கட்டுரையல்ல என்று லௌரியே பின்னாளில் எழுதினார். வாட்சனும் கிரிக்கும் எழுதிய டி.என்.ஏ. கட்டுரை அந்த நூறில் இல்லை. சென்னைக் கட்டுரையும் இல்லை. அதற்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் உண்டு. ஆனால் அதன் உண்மையான பயன்பாட்டோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

காரணம் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால் அதன் மூலக் கட்டுரையை யாரும் சுட்டுவதில்லை. இப்படி ஐக்கியமாகி மறைவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-லேயே விவரித்தார். புரத அமைப்புகளின் உலகக் களஞ்சியம் 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கி, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எக்ஸ்-கதிரில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டு அங்கே ஒப்படைத்தால், தரச் சோதனையில் ஒரு வரி கட்டாயம் வரும்: ராமச்சந்திரன் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே எத்தனை சதவீதம்? அதிகமானால் அமைப்பு தப்பு என்று சந்தேகப்படுவார்கள். 2024-இல் வேதியியல் நோபலைப் பெற்றுத்தந்த ஆல்ஃபாஃபோல்டு போன்ற கணினி முறைகள் ஊகிக்கும் அமைப்புகளையும் இந்தப் படத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். வரைபடத்தின் பெயர் வரும். 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை அடிக்குறிப்பில் பெரும்பாலும் வராது.

எண்ணிக்கை வேறு விதத்திலும் ஏமாற்றும். பெங்களூருவின் உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் அகிலேஷ் பாண்டே தலைமையில் மனித உடலின் புரதங்களுக்கு ஒரு வரைவுப் பட்டியலை 2014 மே மாதம் வெளியிட்டன. 30 வகைத் திசுக்களிலும் செல்களிலும் 17,294 மரபணுக்களின் புரதங்களை நிறைநிறமாலைமானியில் கண்டதாக அறிவித்தார்கள். புரதங்களை மொத்தமாக ஆராயும் புரோட்டியோமிக்ஸ் துறையில் இந்தியர்கள் பெருமைப்படத்தக்க பணி, மேற்கோள்கள் குவிந்தன. மோப்ப உணர்விப் புரதங்கள் வரக்கூடாத திசுக்களில் எப்படி வந்தன என்று கேட்டுக் குறை சொன்ன கட்டுரைகளும் அவற்றில் சேர்ந்தவை. பாராட்டும் மறுப்பும் ஒரே கணக்கில்தான் விழுகின்றன.

புரோட்டியோமிக்ஸ் துறையின் கருவிகள் பட்டையும் தொட்டுவிட்டன என்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2011-இல், ஒரு துணுக்குப் பட்டில் அஸ்பார்டிக் அமிலம் காலப்போக்கில் இடவலம் மாறும் அளவைக் கண்டு, துணியின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பாட்டியின் கூறைப்புடவையைப் பெட்டியில் பாதுகாக்கும் குடும்பங்களும், தலைமுறை கண்ட வஸ்திரங்களை வைத்திருக்கும் கோயில்களும் உள்ள ஊரில் இதற்கு நிறைய வேலை இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் மேற்கோளை வேண்டாத சுமை என்று தள்ள எனக்கு மனமில்லை. அதை மதிப்பெண்ணாகப் பார்ப்பதுதான் பிழை. மேற்கோள் முதலில் ஒரு நன்றிக்கடன். யார் செய்தார்கள் என்பதற்கான சாட்சி. 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை முறைப்படி சுட்டினால் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயரும் வரும். படம் பொதுச்சொத்தானபோது தலைவர் பெயர் மட்டும் தங்கி, மேசைக் கணிப்பானோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவரும், தூரங்களைத் தேடித் தொகுத்தவரும் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டார்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையும் இப்படித்தான். உடலுக்கொரு நிறம், கரைக்கொரு நிறம் வர மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து கரையைக் கோத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அல்லது பிள்ளைகள். புடவை கடைப் பெயரில் விற்கும். 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றியது. தறியில் உட்கார்ந்தவர்களின் பெயர் அதிலும் இல்லை.

ராமச்சந்திரன் தாம் செய்ததை மறைக்கவோ பிறர் பங்கைக் குறைக்கவோ செய்தவர் அல்லர். கட்டுரையில் மூவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உருவத்தை மீட்டெடுக்கும் கணித முறையைக் கொடுத்தபோதும் அப்படித்தான். பல பதிற்றாண்டுகள் சி.டி. ஸ்கேன் கருவிகளில் ஓடிய வழிமுறைக்கு அது முக்கியமான அடித்தளம். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

காஞ்சிபுரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஒரு கண்டு கச்சாப் பட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். தராசில் நிறுத்து, சவுக்காரமும் சோடாவும் போட்டு வேகவைத்து, காயவைத்து மறுபடியும் நிறுக்கட்டும். போன எடை செரிசின், நின்றது ஃபைப்ராயின். பிறகு கரும்பலகையில் சதுரத்தை வரைந்து, பட்டு எந்தத் தீவில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். கீழே மூன்று பெயரையும் எழுதுங்கள். மூலக் கட்டுரை ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி இதழின் 7-ஆம் தொகுதியில் 95-ஆம் பக்கத்தில் தொடங்கி 99-இல் முடிகிறது. ஐந்தே பக்கம், ஒரு பீரியடில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துவிடலாம்.