பீங்கான் வந்த பாதை

எங்கள் வீட்டில் நாம் புழங்குவது பீங்கான்; கந்தூரியில் சோறு வைப்பது சஹனில். முதற்சொல் பாரசீகம், இரண்டாவது அறபு. ஆனால் வெண்பீங்கானை முதலில் செய்தவர்கள் சீனர்கள். பொருள் ஓரிடத்திலும் பெயர் இன்னோரிடத்திலும் பிறந்ததென்றால், இடையே ஒரு பாதை இருந்திருக்க வேண்டும்.

அப்பாதையின் ஒரு தரிப்பிடம் ஓமந்தையில் இருக்கும் எமக்குத் தூரமில்லை. மன்னார் மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பாண்டத் துண்டுகளும், மேற்காசியாவின் நீலப்பச்சைக் கண்ணாடிப் பூச்சுள்ள துண்டுகளும் கிடைத்தன. கிழக்கும் மேற்கும் சந்தித்த துறைமுகம் அது.

சீனர் கயோலின் என்னும் வெண்களியை ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸில் சுட்டனர். 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்றாக் குயவரிடம் அந்த மண் இல்லை. அவர்கள் ஈயக் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயம் கலந்து சாதாரண மண்பாண்டத்தில் பூசினர். வெள்ளீயம் பூச்சை ஒளிபுகாததாக்கி மண்ணின் நிறத்தை மறைத்தது. அந்த வெண்மையின்மீது கோபால்ட் நீலத்தால் வரைந்தனர்.

ஐரோப்பா முதலில் கற்றது இந்த முறையையே. அது முஸ்லிம் ஸ்பெயின் வழியாக இத்தாலிக்கும், பின்னர் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்கும் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் குயவர் சீனரின் நீலவெள்ளைப் பாண்டங்களைப் பார்த்து வரைந்தனர். உண்மைப் பீங்கானின் இரகசியம் 1708இல் ஜேர்மனியரான பொட்கரின் சோதனைகளில் பிடிபட்டது. 1710இல் மைசன் தொழிற்சாலை தோன்றியது.

1854இல் ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறந்தபின் கிழக்கின் நிறங்கள் ஐரோப்பியரை மேலும் ஈர்த்தன. பிரான்சின் ஏர்னெஸ்ட் சாப்லே 1880களில் சீனரின் 'எருதுக் குருதி'ச் சிவப்பைத் தேடினார். செம்பு கலந்த பூச்சு, சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சையாகும். ஒட்சிசன் குறைந்தால் சிவப்பாகும். உயர்தர இரசாயனவியலில் நாம் படிக்கும் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும்தான் இது. 1920இல் பேர்னாட் லீச், ஜப்பானியரான ஹமடா ஷோஜியுடன் இங்கிலாந்தின் சென் ஐவ்ஸில் சூளை அமைத்தார்.

"பார்த்துச் செய்ததுதானே" எனச் சிலர் சொல்லலாம். மண் இல்லாத இடத்தில் வேறு வழி காண்பதும் அறிவே என்பது என் எண்ணம். டெல்ஃப்ட், மைசன் என்ற பெயர்கள் இன்றும் விலைபோகின்றன. பஸ்றாக் குயவரை நினைப்பவர் குறைவு. அவர்கள் காலத்துச் சாட்சிகள் எமது மண்ணில் உறங்குகின்றன.

தோழிகளே, மீள்குடியேறிய எம் ஊர்களில் இப்போதும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் மண் தோண்டுகிறோம். மினுங்கும் ஓட்டுத்துண்டு ஒன்று அகப்பட்டால் எறிந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடம் தெரியாத துண்டு பாதி ஊமை.