கெய்ராங்கர்: அழகும் அபாயமும்

நார்வே நாட்டின் மேற்கே, செங்குத்தான மலைகளின் அடியில் அமைந்த சிற்றூர் கெய்ராங்கர். நிலையாக வாழ்வோர் சில நூறு பேரே. ஆயினும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பயணிகள் இங்கு வருகின்றனர். 15 கிலோமீட்டர் நீளமுள்ள கெய்ராங்கர் ஃபியோர்டும், அதன் கரையில் விழும் 'ஏழு சகோதரிகள்' அருவியுமே காரணம். 2005இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஃபியோர்டு என்பது யாது? ஆறு அரித்த பள்ளத்தாக்கு அடியில் குறுகியிருக்கும். பனியாறு குடைந்ததோ தொட்டியைப் போல அடி அகன்று, சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். பனியுகம் முடிந்து பனி உருகியபின் அப்பள்ளத்தில் கடல் புகுந்தது. அதுவே ஃபியோர்டு.

இந்தச் சுவர்களே அபாயமும் ஆகின்றன. பனியின் தாங்கல் நீங்கியதால் பாறைகள் விரிசல் விடுகின்றன. 1934 ஏப்ரல் 7 அன்று, அருகிலுள்ள தாஃபியோர்டில் 20 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை நீரில் சரிந்தது. அலை 62 மீட்டர் உயரம்வரை ஏறியது. 40 பேர் மாண்டனர். திறந்த கடலில் அலை பரவித் தளரும். குறுகிய ஃபியோர்டிலோ அதன் ஆற்றல் எளிதில் சிதறுவதில்லை. 250 மீட்டர் ஆழ நீரில் இத்தகைய நீண்ட அலை மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்.

இன்று, கெய்ராங்கர் ஃபியோர்டு கிளைபிரியும் பெரிய ஃபியோர்டின் கரையில் ஓக்னெசெட் என்னும் மலைச்சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அலை புறப்பட்டபின் தப்ப நிமிடங்களே கிடைக்கும். எனவே விரிசல்மானிகளும் ராடாரும் இரவுபகலாக அம்மலையை அளக்கின்றன. பெருஞ்சரிவுக்கு முன் நகர்வு விரைவுபடுவது வழக்கம். அவ்வேகத்தை முன்கூட்டியே கண்டு ஊரைக் காலிசெய்வதே திட்டம். மலையைத் தடுத்து நிறுத்த இயலாது. மக்களைக் காக்க இயலும்.