பந்திக்கு முந்தைய குவளை: திருமண விருந்தின் பானங்களும் விருந்தினரின் உரிமைகளும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத் திருமணங்களுக்காக எழுதப்படும் சமையல் கான்ட்ராக்டுகளில், இலையில் விழும் பண்டங்கள் பாயசம் முதல் ஊறுகாய் வரை ஒவ்வொன்றாகப் பெயர் குறிக்கப்படுகின்றன. ஆனால் விடியற்காலைக் காபி, மாலை வரவேற்பின் ‘வெல்கம் டிரிங்க்’, பந்தியில் வைக்கப்படும் தண்ணீர் ஆகியவை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. மண்டபத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரும், குழந்தைகளும் முதியோரும் உட்பட, முதலில் கையில் வாங்குவது ஒரு குவளையைத்தான் என்பதால், இந்த ஒரு வரியின் அலட்சியம் விருந்தின் மற்ற எல்லாக் கவனத்தையும் வீணாக்கிவிடக்கூடியது.

தமிழ்நாட்டுத் திருமண மண்டபங்களில் மது பரிமாறப்படுவதில்லை. 2023-ல் மாநாட்டு மையங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாற வழிசெய்யும் விதித்திருத்தத்தில் திருமண மண்டபங்களும் இடம்பெற்றிருந்தன. எதிர்ப்பு எழுந்ததையடுத்து அதே ஆண்டு ஏப்ரலில் அவை நீக்கப்பட்டன. ஆகவே இங்கு விருந்தோம்பலின் முழுச் சுமையும் மதுவற்ற பானங்கள் மீதே விழுகிறது. மது இல்லை என்பதாலேயே அவை தீங்கற்றவை ஆகிவிடுவதில்லை என்பதை விருந்தளிப்போர் உணர வேண்டும்.

கடையில் பாட்டில் வாங்குபவர் விலையையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்து வாங்குகிறார். திருமணத்தில் தட்டில் நீட்டப்படும் குவளையில் எந்த விவரமும் இல்லை. விருந்தினர் விருந்தளிப்பவரை நம்பியே குடிக்கிறார். எனவே விருந்தினர் கேட்க முடியாத கேள்விகளை, முன்பணம் கொடுக்கும் முன்பே அவர்கள் சார்பில் விருந்தளிப்பவர் கேட்டாக வேண்டும்.

தண்ணீரும் ஐஸும்

மாசுபட்ட தண்ணீரால் டைபாய்டு, ‘ஹெபடைடிஸ் ஏ’ எனப்படும் மஞ்சள் காமாலை வகை, வயிற்றுப்போக்கு ஆகியவை பரவுகின்றன. பானத்தில் சேரும் தண்ணீர் கேன் தண்ணீரா, லாரித் தண்ணீரா, மண்டபத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அடைக்கப்பட்ட குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 14543 என்ற தரம் உண்டு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது, அடுத்த மாதமே, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) அடைக்கப்பட்ட குடிநீரை ‘அதிக ஆபத்துள்ள உணவு’ வகையில் சேர்த்து, ஆண்டு ஆய்வுக்கும் வெளியார் தணிக்கைக்கும் உட்படுத்தியது. கேன் வாங்குவோர் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்பதோடு, தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தேதி ஆகியவை கேனில் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீரைவிடக் கவனத்திலிருந்து எளிதில் நழுவுவது ஐஸ். மீனையும் பிற பொருள்களையும் குளிர்விக்கத் தயாராகும் ஐஸ், குடிப்பதற்கு உரியதன்று. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய வேண்டும் என்பதற்காக, உண்பதற்கல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்கப்பட வேண்டும் என எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் உத்தரவிட்டது. நீலச் சாயல் கொண்ட ஐஸ் பானத்தில் சேரக்கூடாது என்பது இதன் பொருள். ஆனால் வெள்ளையாக இருக்கும் ஐஸ் எல்லாம் குடிநீரில் செய்யப்பட்டது என்பது இதன் பொருளன்று. மண்டபத்தின் பின்வாசலில் சாக்கில் வந்திறங்கும் ஐஸ் பாளம் தரையிலேயே போட்டு உடைக்கப்படும்போது, நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸும் அழுக்காகிவிடுகிறது. பானத்தின் உள்ளே ஐஸ் போடாமல், பானம் உள்ள பாத்திரத்தை வெளியிலிருந்து ஐஸால் குளிரவைப்பது பாதுகாப்பான வழி.

நிறமும் புகையும்

ரோஸ்மில்க்கின் இளஞ்சிவப்பும் பாதாம் பாலின் மஞ்சளும் பெரும்பாலும் செயற்கை நிறத்தால் வருபவை. சட்டம் சில செயற்கை நிறங்களை மட்டும், அளவு வரம்போடு அனுமதிக்கிறது. துணிச் சாயமான ரோடமின்-பி அந்தப் பட்டியலில் இல்லை. பஞ்சு மிட்டாயில் அது கண்டறியப்பட்டதை அடுத்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அந்த மிட்டாய்க்குத் தடை அறிவித்தபோது, அந்தச் சாயம் கலந்த உணவைத் திருமணங்களிலும் பொது நிகழ்ச்சிகளிலும் பரிமாறுவதும் தண்டனைக்குரியது எனத் தெளிவுபடுத்தியது. நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு ஐயத்துக்கு இடமுண்டு. எசென்ஸ் பாட்டிலின் லேபிளில் உணவுக்குரிய நிறம் என்ற குறிப்பும் உரிம எண்ணும் உள்ளனவா என்று கேட்டுப் பார்ப்பது விருந்தளிப்பவரின் உரிமை.

வரவேற்புகளில் அண்மைக்காலமாகப் பரவிவரும் ‘ஸ்மோக்’ பானங்களில் புகையை எழுப்பப் பயன்படுபவை திரவ நைட்ரஜனும், ‘டிரை ஐஸ்’ எனப்படும் உறைந்த கரியமில வாயுவும் ஆகும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருப்பது. ஆவியாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிவடையக்கூடியது. ஆகையால் முழுதும் ஆவியாகாத நிலையில் விழுங்கினால் இரைப்பையையே கிழித்துவிடும். பெங்களூருவில் ஒரு திருமண வரவேற்பில் திரவ நைட்ரஜன் கலந்த பீடா உண்ட 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்ற செய்தி 2024 மே மாதம் வெளியானது. டிரை ஐஸின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, அதன் துண்டு வாயில் பட்டாலே திசு உறைந்து புண்ணாகும். குழந்தைகள் கைநீட்டி வாங்கும் இடத்தில் இவ்விரண்டுக்கும் இடமே கொடுக்காமல் இருப்பதுதான் முறை.

பாலும் நேரமும்

உலக சுகாதார நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி, கெடக்கூடிய உணவு 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ வைக்கப்பட வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கப்படக்கூடாது. மாலை ஆறரை மணி வரவேற்புக்காகப் பிற்பகலிலேயே ரோஸ்மில்க்கைக் கலந்து டிரம்மில் நிரப்பி வைக்கும் வழக்கம் இந்த விதியை நேரடியாக மீறுகிறது. சென்னையின் வைகாசி வெயிலில் அதன் விளைவு இன்னும் விரைவாகத் தெரியும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பாலில் உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. எனவே கெட்டதைக் காய்ச்சிச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் தவறானது. சிறு சிறு அளவாகக் கலந்து, கலந்தவுடன் பரிமாறுவதே சரியானது.

காபி சூடாக இருப்பதால் கிருமி பற்றிய கவலை குறைவு. கவலை குவளையில் இருக்கிறது. சூடான திரவம் 15 நிமிடம் காகிதக் குவளையில் இருந்தால், 100 மில்லிக்கு ஏறத்தாழ 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, பிளாஸ்டிக் குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் ஆகியவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. கழுவித் துடைத்த டபரா டம்ளர் உடலுக்கும் சட்டத்துக்கும் ஒத்துவருகிறது.

சர்க்கரையும் லேபிளின் சொற்களும்

இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. எந்தப் பந்தியிலும் அவர்கள் பலர் அமர்ந்திருப்பார்கள். சேர்க்கும் சர்க்கரையைத் தினசரி ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள், அதாவது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 300 மில்லி கோலாவில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. பானகத்தின் வெல்லமும் சர்க்கரையே என்பதால், பழைய பானம் என்ற காரணத்தால் அதற்கு விலக்கு இல்லை. சர்க்கரை சேர்க்காத ஒரு பானமாவது தனியாக, பெயர் எழுதி வைக்கப்பட வேண்டும்.

சில சொற்களின் சட்டப் பொருளும் அறியத்தக்கது. ‘பழ பானம்’ என விற்கப்படுவதில் பழச்சாறு பத்து விழுக்காடே இருக்கலாம்; மாம்பழப் படம் போட்ட பெட்டி முழுவதும் மாம்பழச் சாறு அன்று. ‘ஆல்ககால் இல்லாத பீர்’ என விற்கப்படுவதிலும் அரை விழுக்காடு வரை ஆல்ககால் இருக்கலாம், ஏனெனில் அந்த அளவைத் தாண்டினால்தான் சட்டம் அதை மதுபானமாகக் கருதுகிறது. சமய நெறியாலோ கருவுற்றதாலோ மதுப்பழக்கத்திலிருந்து மீண்டதாலோ ஒரு துளியும் வேண்டாம் என்போருக்கு அதை அறிவிக்காமல் கொடுப்பது நம்பிக்கைக்குச் செய்யும் கேடு. ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படும் காஃபின் பானங்கள் குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் உகந்தவை அல்ல என்று லேபிளிலேயே எழுதப்பட வேண்டும் என்பது விதி. திருமணத் தட்டில் அவற்றுக்கு இடம் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்

இந்த அபாயங்களை ஒருசேர நோக்கினால் தேர்வு எளிதாகிறது. நிறமும் எசென்ஸும் தேவைப்படாத பானங்களே முன்வரிசைக்கு உரியவை: கொதித்தாறிய நீரில் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் இட்ட பானகம், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோர், வாசலிலேயே வெட்டித்தரும் இளநீர், கண்ணெதிரே இறங்கும் டிகிரி காபி. இவற்றிலும் நீர்மோர் சர்க்கரை இல்லாதது, எல்லா வயதினருக்கும் ஏற்றது. ஆனால் பாலுக்குச் சொன்ன நேரக்கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். பால் ஒவ்வாதவர்க்கு இளநீரும், பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு இளநீர் அல்லாத ஒன்றும் இருக்க வேண்டும். பாதாம் பாலில் பருப்பு இருப்பதை, ஒவ்வாமை உள்ளோர் அறியும்படி எழுதிவைக்க வேண்டும். ரோஸ்மில்க்கை விரும்புவோர் அதைக் கைவிட வேண்டியதில்லை. உரிமம் பெற்றவரிடம் வாங்கி, குளிர்நிலை குறையாமல் பரிமாறினால் போதும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சமையல் கான்ட்ராக்டரும் சட்டப்படி உணவு வணிகரே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி அவருக்கு உரிமமோ பதிவோ இருக்க வேண்டும். அதன் 14 இலக்க எண்ணை பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். அந்த எண்ணையே கொஞ்சம் படிக்க முடியும்: 124 எனத் தொடங்கினால் தமிழ்நாட்டில் வழங்கிய உரிமம், 224 எனத் தொடங்கினால் சிறு வணிகருக்கான பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணையதளத்தில் எண்ணை இட்டால் அது யார் பெயரில் உள்ளது, இன்னும் செல்லுமா என்பது தெரிந்துவிடும்.

குடிநீரின் மூலம், ஐஸ் வரும் இடம், நிறம் சேர்ப்பதா இல்லையா, கலக்கும் நேரம், குவளையின் வகை, திறக்காத பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முகூர்த்த நாள்களில் கேனுக்கும் ஐஸுக்கும் தட்டுப்பாடு வரும்போது, கடைசி நேரத்தில் வேறு இடத்திலிருந்து வாங்குவதற்கு விருந்தளிப்பவரின் ஒப்புதல் வேண்டும் என்ற வரியும் அவசியம். இன்னொரு வரி பலருக்கும் தெரியாதது: சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ளலாம், ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே வணிகரிடம் தெரிவித்திருக்க வேண்டும். ‘பரிமாறப்படும் பானங்களின் மாதிரி பகுப்பாய்வுக்கு எடுக்கப்படலாம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் அந்த நிபந்தனை நிறைவேறுவதோடு, தரம் குறித்த எச்சரிக்கையாகவும் அது அமைகிறது. கலப்படமோ குறையோ உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

விலையிலும் கவனம் வேண்டும். பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளையும் உள்ளடக்கியது; அதன் மேல் ஜி.எஸ்.டி. கூட்டிக் கேட்பது தவறு. ஆனால் ஓட்டல்கள் சேவையோடு சேர்த்துத் தண்ணீர் பாட்டிலுக்கு அதிக விலை வாங்கலாம் என உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருப்பதால், ஓட்டல் அரங்கில் திருமணம் வைப்போர் பாட்டில் விலையை முன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது. மண்டபம் வேண்டுமானால் பானத்தையும் எங்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம், ஒன்றை வாங்க இன்னொன்றை நிபந்தனையாக்கும் ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’யாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேள்விக்குட்படும்.

தீங்கு நேர்ந்தால்

பானம் அருந்திய பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், முதலில் மருத்துவம். நீரிழப்பைத் தடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை மருந்துக் கடையில் சரியான விகிதமுள்ள பொட்டலமாகவே வாங்க வேண்டும். அந்த விகிதத்தைப் பின்பற்றாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரை இட்டுக்கொள்வதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் தடைசெய்தது. அடுத்து சான்று: மீந்த பானத்தைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைப்பது, கேன், எசென்ஸ் பாட்டில், பில் ஆகியவற்றைப் படம் எடுப்பது, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். அதிகாரிகள் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவர். பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு நிரூபணமானால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, பிற பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை இழப்பீடு உண்டு. சேவைக் குறைபாட்டுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பயன் இல்லையெனில் தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பணம் கொடுத்தவரின் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவரும் ‘நுகர்வோர்’ என்பதால், நோயுற்ற விருந்தினரும் புகார் செய்ய உரிமை உடையவர். உறவில் விரிசல் வருமே என்று அவர் தயங்குவது இயல்பு. விருந்தளித்தவரே முன்வந்து புகார் எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது தமிழ் மரபு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து கொடுப்பதும் அம்மரபைச் சேர்ந்ததே. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாளிலேயே பானங்களுக்கென ஒரு தனிப் பக்கத்தை ஒப்பந்தத்தில் சேர்த்து, அதில் இரு தரப்பும் கையொப்பமிடும் பழக்கத்தை இந்த வட்டாரக் குடும்பங்கள் தொடங்கினால், கான்ட்ராக்டர்களும் ஐஸ் விற்பவர்களும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வார்கள்.