தீவுப் பயணத்திற்கு ஏற்ற விடுதி

விடுமுறையின் ஒரு பாதியை நகரிலும் மறுபாதியைக் கடற்கரையிலும் கழிப்பது வசதி படைத்தோர் பலர் விரும்பும் வழக்கமாகும். இத்தாலிக்குச் செல்வோர் வெனிஸ் நகரில் பழைய பிரபுக்களின் மாளிகையொன்றில் தங்கியபின், தென்கரையில் முன்னர் துறவியர் மடமாயிருந்த விடுதியொன்றை நாடுவதுண்டு. யாழ்ப்பாண நகரையும் அதன் மேற்கே கிடக்கும் தீவுகளையும் காண வருவோர்க்கும் இத்தகைய பயணம் வாய்க்கும். ஆனால் இங்கு விடுதியைத் தெரிவு செய்யுமுன், கட்டிலின் மென்மையைக் காட்டிலும் வேறு மூன்றைக் கவனித்தல் வேண்டும். அவை படகு, காற்று, நன்னீர் என்பன.

முதலாவது படகு. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குச் செல்லும் தரைவழி, குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிகிறது. அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரத்துப் பயணமே. நாகபூசணி அம்மனைத் தரிசித்து, நாகவிகாரையையும் கண்டு அன்றே திரும்பலாம். ஆதலால் இதற்கு நகர விடுதியே போதுமானது. நெடுந்தீவின் நிலை வேறு. அங்குச் செல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். படகுகளும் நாளொன்றுக்குச் சிலவே. முருகைக் கல் வேலிகளும், மட்டக் குதிரைகள் மேயும் வெளியும், பெருக்கமரமும், சிதைந்த கோட்டையும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. கடைசிப் படகைப் பிடிக்க விரைபவர் இவற்றை ஓடியோடியே காண்பார். ஆறுதலாகப் பார்க்க விரும்புவோர், அங்குள்ள எளிய விடுதியொன்றில் ஓரிரவு தங்குதல் நன்று.

இரண்டாவது காற்று. வைகாசி முதல் சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, படகுகள் தாமதிப்பதும் நின்றுவிடுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழைக்குரியவை. மாசி முதல் சித்திரை வரையுள்ள காலமே கடற்பயணத்திற்குப் பெரிதும் உகந்தது. மற்றக் காலங்களில் தீவில் தங்குவோர், திரும்பும் நாளில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாவதும் முதன்மையானதும் நன்னீர். இத்தீவுகளில் ஆறுகள் இல்லை. மண்ணுக்கடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லில் இறங்கும் மழைநீர், அங்கே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கிணற்றில் அளவாக அள்ளும்வரை நல்ல நீர் கிடைக்கும். பொறிகொண்டு மிகையாக இறைத்தால், கீழிருக்கும் உப்புநீர் மேலெழும். அவ்வாறு உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்கு நெடுங்காலம் செல்லும்.

நன்னீரின் அருமையை ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டை நன்கு உணர்த்தும். போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த படையினர் குடிநீரின்றிப் பணிய நேர்ந்தது. இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடைக்கு ஒப்பிட்ட ஒல்லாந்தர், அதன் குதிப்பகுதியில் இருப்பதாகக் கருதி இக்கோட்டைக்கு 'ஹம்மன்ஹீல்' எனப் பெயரிட்டனர். பிற்காலத்தில் அது சிறையாகவும் விளங்கியது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக மாற்றினர். நீர் கிடையாமல் வீழ்ந்த மதில்களுக்குள் இன்று விருந்தினர் நீராடுகின்றனர். வெனிஸ் நகரமும் 1884 ஆம் ஆண்டில் பெருநிலத்திலிருந்து குழாய்நீர் வரும்வரை, மழைநீரைத் தொட்டிக் கிணறுகளில் தேக்கியே பெரும்பாலும் வாழ்ந்து வந்தது. கடலால் சூழப்பட்ட ஊர்களுக்கெல்லாம் இத்தேவை பொதுவானது.

ஆகவே, தீவில் அறை கேட்பவர் நீச்சற்குளம் உண்டா என்று வினவுமுன், குளிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று வினவுதல் வேண்டும். மழைநீரைச் சேமிப்பதாகவோ, கடல்நீரைச் சுத்திகரிப்பதாகவோ, அளந்து வழங்குவதாகவோ விடை கிடைத்தால், அவ்விடுதியை நம்பித் தெரியலாம். அயலார் கிணறுகளிலிருந்து வரையின்றி இறைப்பதாயின், விருந்தினர் ஓரிரவில் துய்க்கும் சுகத்தின் விலையை, அவர் சென்றபின் அயல் வீட்டார் உவர்நீராகச் செலுத்த வேண்டிவரும். நீர் நிறைந்த தொட்டியில் நீராட விழைவோர்க்கு நகர விடுதி உண்டு. தீவில் துயில்வோர்க்கு ஒரு வாளி நீரும், கடற்காற்றும், கூவில்லாத இரவும் கிட்டும்.