ரசிகர்கள் இருந்தும் அணி ஊரை விட்டுப் போவது ஏன்?

2024 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், ஒரு பல்கலைக்கழக அரங்கத்தில், அரிசோனா கயோட்டீஸ் ஐஸ் ஹாக்கி அணி எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியை 5-2 என்ற கணக்கில் வென்றது. மறுநாளே அந்த அணி கைமாறுவதற்கு என்.எச்.எல். எனப்படும் நேஷனல் ஹாக்கி லீகின் உரிமையாளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். வாங்கியவர் யூட்டா மாநிலத் தொழிலதிபர் ரயன் ஸ்மித். விலை 120 கோடி டாலர். அக்டோபர் 8 அன்று, பெரும்பாலும் அதே வீரர்கள், சால்ட் லேக் சிட்டியில் வேறு சீருடையில் களமிறங்கினார்கள். 2025-இல் அந்த அணிக்கு யூட்டா மாமத் என்று பெயர் சூட்டப்பட்டது.

இந்த வீரர்கூட்டத்தின் வேரைத் தேடிப் போனால் கனடாவின் வினிப்பெக் நகரம் வரும். 1996-இல் அங்கிருந்துதான் அது அரிசோனாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 28 ஆண்டுகளில் இரண்டு ஊர்கள் ஒரே அணியைப் பறிகொடுத்திருக்கின்றன. ஓர் அணி போகும்போதெல்லாம் “அந்த ஊரில் ரசிகர்கள் இல்லை” என்ற காரணம் சொல்லப்படுகிறது. என்.எச்.எல். வரலாற்றைப் பார்த்தால், அரங்கமும் உரிமையாளரும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறார்கள்.

அணி யாருக்குச் சொந்தம்?

பெயரில் ஊர் இருக்கும். ஆனால் சட்டப்படி ஊருக்கு அதில் பங்கு எதுவும் கிடையாது. என்.எச்.எல். 1917-இல் மான்ட்ரியலில் தொடங்கப்பட்ட, அணி முதலாளிகளின் கூட்டமைப்பு. அந்தக் கூட்டமைப்பு ஒருவருக்குக் கொடுக்கும் உரிமம்தான் அணி. நகரத்தையும் அதன் எல்லையிலிருந்து 50 மைல் வரையுள்ள பகுதியையும் அந்த அணியின் ஆட்சி எல்லையாக லீக் வரையறுக்கிறது. புதிய அணியைச் சேர்ப்பது, ஓர் அணியை விற்பது, ஊர் மாற்றுவது எல்லாமே முதலாளிகளின் வாக்கெடுப்பில் முடிவாகும். ரசிகர்களுக்கோ நகராட்சிக்கோ அங்கே வாக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் கீழ்ப்பிரிவு அணி வென்று வென்று மேல்பிரிவுக்கு வரலாம். வட அமெரிக்க லீக்குகளில் அந்த ஏணியே இல்லை. ஒரு நகரத்துக்கு அணி வேண்டுமானால் இரண்டே வழி: லீக் புதிதாக ஓர் இடம் திறக்க வேண்டும், அல்லது வேறொரு ஊர் தன் அணியை இழக்க வேண்டும். இந்தத் தட்டுப்பாட்டை லீக் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அணிக்காகக் காத்திருக்கும் நகரம் ஒன்று எப்போதும் இருந்தால், இருக்கும் ஊரிடம் “புது அரங்கம் கட்டித் தருகிறீர்களா, நாங்கள் கிளம்பட்டுமா?” என்று முதலாளி பேரம் பேச முடியும்.

ஆறு அணிகள் 32 ஆன கதை

1942 முதல் 1967 வரை என்.எச்.எல்.லில் ஆறே அணிகள்: மான்ட்ரியல், டொரான்டோ, பாஸ்டன், டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களின் பார்வை நாடெங்கும் பரவிய விளையாட்டுகளின் மீது திரும்பியபோது, ஹாக்கியும் மேற்குக் கரைவரை போயாக வேண்டியிருந்தது. 1967-இல் லாஸ் ஏஞ்சலிஸ், ஓக்லண்ட், மினசோட்டா, செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், பிலடெல்பியா என ஆறு அணிகள் ஒரே நேரத்தில் சேர்க்கப்பட்டன. நுழைவுக் கட்டணம் தலா 20 லட்சம் டாலர்.

1972-இல் டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீக் முளைத்தது. அது 1979-இல் மூடப்பட்டபோது எட்மன்டன், வினிப்பெக், கியூபெக், ஹார்ட்ஃபர்ட் ஆகிய நான்கு நகரங்களின் அணிகள் என்.எச்.எல்.லுக்கு வந்தன. இவற்றில் எட்மன்டனைத் தவிர மற்ற மூன்றும் 1990-களில் ஊர் மாறின.

1988 ஆகஸ்டில் நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். வெயில் காயும் கலிபோர்னியாவில் ஹாக்கி டிக்கெட் விற்றுத் தீர்ந்ததைக் கண்ட லீக், தெற்கே திரும்பியது. 1991 முதல் 2000 வரை சான் ஹோசே, தாம்பா, ஒட்டாவா, அனஹைம், மயாமி, நாஷ்வில், அட்லான்டா, கொலம்பஸ், மீண்டும் மினசோட்டா என ஒன்பது அணிகள் சேர்ந்தன. கட்டணம் 5 கோடி டாலரிலிருந்து 8 கோடியானது. 2017-இல் லாஸ் வேகஸ் 50 கோடி கொடுத்தது. 2021-இல் சியாட்டில் 65 கோடி.

இந்தப் பணம் ஏற்கெனவே இருக்கும் முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. லாஸ் வேகஸ் கட்டிய 50 கோடியை 30 அணிகள் பகிர்ந்தபோது தலைக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. வீரர்களின் சம்பளத்தைத் தீர்மானிக்கும் வருமானக் கணக்கில் நுழைவுக் கட்டணம் சேராது. ஆட்டத்திலிருந்து வராத, வீரர்களோடு பங்கிட வேண்டாத வருமானம் அது. லீக் அடிக்கடி விரிவாவதற்கு இது ஒரு பெரிய தூண்டுகோல்.

புது அணிக்கு வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

பழைய அணிகளிலிருந்துதான். விரிவாக்கத் தேர்வு என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பழைய அணியும் தன் முக்கிய வீரர்களைப் பாதுகாக்கப்பட்டவர்கள் என்று பட்டியலிடும். மீதி உள்ளவர்களிலிருந்து புது அணி எடுத்துக்கொள்ளும்.

முன்பு இந்தப் பாதுகாப்புப் பட்டியல் நீளமானது; புது அணிக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது. 1974-75-இல் வாஷிங்டன் கேபிடல்ஸ் தன் முதல் ஆண்டில் 80 ஆட்டங்களில் எட்டில்தான் வென்றது, 67-இல் தோற்றது. 1992-93-இல் ஒட்டாவா 84 ஆட்டங்களில் 70-இல் தோற்றது. காசு கொடுத்து வரும் உள்ளூர் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் தோல்வியையே பார்க்க வேண்டியிருந்தது.

50 கோடி கேட்ட லீக், லாஸ் வேகஸுக்கு விதியைத் தளர்த்தியது. பழைய அணி ஒவ்வொன்றும் ஏழு முன்கள வீரர்கள், மூன்று தடுப்பு வீரர்கள், ஒரு கோல்கீப்பர், அல்லது எந்த இடத்தில் ஆடுபவராயினும் எட்டுப் பேரும் ஒரு கோல்கீப்பரும் என்ற அளவில்தான் பாதுகாக்க முடிந்தது. பிட்ஸ்பர்க்கின் அனுபவ கோல்கீப்பர் மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி வேகஸுக்குக் கிடைத்தார். அந்த அணி முதல் ஆண்டிலேயே 51 ஆட்டங்களில் வென்று, லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச்சுற்றுக்குப் போனது. 2023-இல் கோப்பையையும் வென்றது. விதி நியாயமாக இருந்தால், பாலைவன நகரத்திலும் ஹாக்கி வேர்பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வினிப்பெக் இழந்ததும் மீட்டதும்

வினிப்பெக்கில் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. 1992-93-இல் டீமு செலானி என்ற அறிமுக வீரர் 76 கோல் அடித்தது அங்கேதான். அறிமுக ஆண்டில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. சிக்கல் கணக்கில் இருந்தது. டிக்கெட் பணம் கனடிய டாலரில் வந்தது. வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில் போனது. 1990-களின் நடுவில் ஒரு கனடிய டாலர் முக்கால் அமெரிக்க டாலருக்கும் குறைவு. சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை. வருமானம் தரும் சொகுசு இருக்கைகள் போதாத பழைய அரங்கம் வேறு.

1995-இல் அணியைக் காப்பாற்ற ஊரே திரண்டது. ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துப் பணம் கொடுத்தார்கள். ஓராண்டு அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். 1996 ஏப்ரல் 28 அன்று டெட்ராய்டிடம் தோற்றதோடு அந்த அணியின் வினிப்பெக் காலம் முடிந்தது. முந்தைய ஆண்டு இதே நெருக்கடியில் கியூபெக் நார்டிக்ஸ் அணி டென்வருக்கு விற்கப்பட்டிருந்தது. போன முதல் ஆண்டிலேயே அது கோப்பையை வென்றது. பல ஆண்டுகள் தோல்வியைத் தாங்கி அந்த அணி உருவாகும்வரை காத்திருந்தவர்கள் கியூபெக் மக்கள்.

பிறகு மூன்று விஷயங்கள் மாறின. 2004-இல் வினிப்பெக்கின் நடுவே 15,000 இருக்கைகளோடு புது அரங்கம் வந்தது. 2004-05 ஆண்டு முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பின் லீகில் சம்பள உச்சவரம்பு வந்தது. 2011-இல் கனடிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாக நின்றது. அந்த ஆண்டு ட்ரூ நார்த் என்ற உள்ளூர் நிறுவனம் அட்லான்டா த்ராஷர்ஸ் அணியை வாங்கி வினிப்பெக்குக்குக் கொண்டுவந்தது. அரங்கமும் அதே நிறுவனத்துடையது. 17 கோடி டாலர் விலையில் 6 கோடி, ஊர் மாற்றத்துக்காக லீகுக்குக் கட்டியது. 13,000 சீசன் டிக்கெட்டுகள் இலக்கு. பொது விற்பனை தொடங்கிய 17 நிமிடங்களில் இருந்தவை தீர்ந்தன.

1995-இலும் 2011-இலும் இருந்தவர்கள் அதே மக்கள்தான். அரங்கமும் நாணய மதிப்பும் விதிகளும் மாறியதும் அணி வந்தது. ரசிகர் ஆதரவும் தானாக நிலைப்பதில்லை: 2024-இல் அங்கே சீசன் டிக்கெட் எண்ணிக்கை 9,500 அளவுக்குக் குறைந்திருந்தது; உரிமையாளரே கவலையை வெளிப்படையாகச் சொன்னார்.

அரிசோனா: அரங்கம் இல்லாத அணி

வினிப்பெக்கிலிருந்து ஃபீனிக்ஸுக்கு வந்த அணி முதலில் ஒரு கூடைப்பந்து அரங்கத்தில் ஆடியது. கூடைப்பந்துக் களத்தின் நீளம் 94 அடி. ஹாக்கிப் பனித்தளம் 200 அடி. திணித்துப் பொருத்தியதில் ஒரு பக்க மேல்தள இருக்கைகளிலிருந்து அருகிலுள்ள கோல் வலையே தெரியாது. அந்த டிக்கெட்டை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்?

2003 கடைசியில் புறநகரான கிளெண்டேலில் ஹாக்கிக்கென்றே கட்டிய அரங்கத்துக்கு அணி போனது. ரசிகர்களில் பலர் பெருநகரத்தின் மறுகோடியில் வசித்தார்கள். 2009-இல் அணி திவால் நீதிமன்றத்துக்குப் போனது. வாங்க ஆள் கிடைக்காமல் 2013 வரை லீகே நடத்தியது. 2015-இல் கிளெண்டேல் நகர மன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாக்களித்தது. 2022-க்குப் பின் இடமில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் என்.எச்.எல். அணி ஒன்று, மாணவர் அணிக்காகக் கட்டப்பட்ட மல்லெட் அரீனாவில், சுமார் 4,600 பேர் முன்னிலையில் ஆடியது. டெம்பியில் பழைய குப்பைமேட்டு நிலத்தில் அரங்கம் கட்டும் திட்டத்தை 2023 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அணி போய்விட்டது.

டெம்பி மக்கள் ஹாக்கியை வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தனியார் முதலாளியின் திட்டத்துக்கு நகரம் தர வேண்டிய சலுகைகளைத்தான் அவர்கள் மறுத்தார்கள். யூட்டா வேறு முடிவெடுத்தது: சால்ட் லேக் சிட்டி விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தி, அரங்கத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் 90 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது. அங்கே ஹாக்கி பார்க்காதவரும் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த வரியைக் கட்டுகிறார்.

அட்லான்டாவிலும் குறை ரசிகர்களிடம் இல்லை. அந்த நகரம் 1980-இல் ஓர் அணியைக் கால்கரியிடமும், 2011-இல் இன்னொன்றை வினிப்பெக்கிடமும் இழந்தது. இரண்டாவது அணி 11 ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. அங்கும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அதன் உரிமையாளர்களோ பல ஆண்டுகள் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அப்படி நடத்தப்பட்ட அணியை வைத்து “அட்லான்டாவுக்கு ஹாக்கி ஒத்துவராது” என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஊருக்கு இழைக்கும் அநீதி.

ஊர் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா?

முடியும். வேறு விளையாட்டுகளில் முன்னுதாரணம் இருக்கிறது. 1995-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை அதன் முதலாளி பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். நகரம் வழக்குப் போட்டது. வீரர்கள் போனாலும் பெயரும் நிறங்களும் சாதனைப் பதிவுகளும் கிளீவ்லண்டிலேயே நின்றன. 1999-இல் அதே பெயரில் புது அணி வந்தது. அடுத்து ஒஹாயோ மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வரிப்பணத்தில் நிற்கும் அரங்கத்தில் ஆடி, அரசு உதவியும் பெறும் அணி ஊரை விட்டுப் போக நினைத்தால், நகரத்தின் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும். 2018-இல் கொலம்பஸ் குரூ என்ற கால்பந்து அணி டெக்சஸுக்குப் போகவிருந்தபோது இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் மாநிலமும் நகரமும் நீதிமன்றம் போயின. உள்ளூர் முதலீட்டாளர்கள் கிடைத்தார்கள், அணி தங்கியது.

ஹாக்கியில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலான ஊர்களுக்கு இல்லை. வினிப்பெக்குக்கு 2011-இல் ஜெட்ஸ் என்ற பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1979 முதல் 1996 வரை அந்த ஊர் கைதட்டிய கோல்கள் லீகின் ஏட்டில் அரிசோனா அணியின் கணக்கிலேயே இருந்தன.

இப்போது அட்லான்டா புறநகர்ப் பகுதிகளில் மீண்டும் அரங்கத் திட்டங்கள் பேசப்படுகின்றன. கியூபெக் நகரம் 2015-இல் 18,000 இருக்கைகளோடு அரங்கம் கட்டிவிட்டு இன்னும் காத்திருக்கிறது. அணி வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. குளிர்கால மாலைகளில் ஓர் ஊரை ஒன்றாக உட்கார வைக்கும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் பொதுப்பணம் கேட்கப்படும்போது நகர மன்றங்கள் மூன்று உறுதிகளை எழுத்தில் வாங்க வேண்டும்: கடன் தீரும்வரை அணி நகரக் கூடாது, விற்பதானால் உள்ளூர்க்காரர்களிடம் முதலில் விலை பேச வேண்டும், அணி போனாலும் பெயரும் வரலாறும் ஊருக்கே சேர வேண்டும். லீகும் கட்டணத்தின் கனத்தைப் பார்க்குமுன், உரிமையாளரின் வலுவையும் அரங்கத்தின் இருப்பிடத்தையும் சோதிக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத முதலாளிக்கு வரிப்பணம் தர மறுக்க எந்த ஊருக்கும் உரிமை உண்டு. டெம்பி அந்த உரிமையைப் பயன்படுத்தியது. அதற்காக அந்த ஊர் மக்களைக் குறை சொல்ல நியாயமில்லை.